இரண்டு முஷ்டி வடக்கே

இந்தக் கதையில் எது நடந்தது, எது செல்வகுமார் சொல்லச் சொல்ல வளர்ந்தது என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. டீ வரத் தாமதமானதை ஒரு தடவை அரை மணி என்பான், அடுத்த தடவை ஒன்றரை மணி என்பான். சோப்புக் குமிழி முதலில் எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது. போன தீபாவளிக்கு அது பூசணிக்காய் ஆகிவிட்டது. மாதம் மட்டும் செப்டம்பர், அதுவும் கடைசி வாரம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதே வழக்கு ஆகஸ்டில் வந்திருந்தால் பொன்மலர் தோற்றுப்போயிருப்பார்.

பொன்மலரின் துப்பறியும் நிலையம் வேலூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. அதற்கு முன் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பேச்சு கம்மி. கேள்வி கேட்டால் முதலில் மௌனம் வரும். பதில் அதன் பின்னால் வந்தாலும் வரும், வராமலும் போகும். அவருடைய மௌனங்களைச் செல்வகுமார் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தான்: யோசிக்கிற மௌனம், கோபமான மௌனம், மேடம் தூங்கிட்டாங்களோ மௌனம். நிலையத்தின் ஸ்கூட்டரும் பேச்சும் அவன் பொறுப்பு.

அன்று காலை வந்த ஷஹீன் பானு எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும், காற்றை ஆராய்கிறவள். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் கொல்லைமேடு என்ற ஊரில், பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஒரு கருவி வைத்திருந்தாள். பூமியின் சூட்டைப் பிடித்து வைக்கிற வாயுக்கள் கிராமத்துக் காற்றில் எவ்வளவு இருக்கின்றன, காற்று அடிக்கிற அடியில் அவை எப்படிக் கூடிக் குறைகின்றன என்று அது இரவும் பகலும் அளந்தது. ஆகஸ்ட் ஆரம்பத்தில் வைத்த நாளிலிருந்தே மேற்கேயிருந்து மெல்லிய காற்று வந்தால் போதும், மீத்தேன் எகிறியது. வாரத்துக்கு வாரம் இன்னும் ஜாஸ்தி எகிறியது. நேர் மேற்கே இருந்தது ஒரு தோல் பதனிடும் ஆலை. தோலில் சுரண்டிய ஜவ்வுக் கழிவை அங்கே திருட்டுத்தனமாகக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள், அது அழுகித்தான் வாயு வருகிறது என்று ஊர்த் தூய காற்றுக் குழு மனு போட்டுவிட்டது. நாளை விசாரணை. நிரூபணமானால் ஆலைக்குச் சீல். நாற்பது குடும்பங்களுக்கு வேலை போகும்.

ஆலை முதலாளி லியாகத் அலி. ஷஹீனின் அப்பா.

உங்கள் கருவியே உங்கள் அப்பாவைக் கைகாட்டுகிறது, பிறகு நாங்கள் எதற்கு என்று செல்வகுமார் கேட்டான்.

"மெஷின் சொல்றது நிஜம்னா நாளைக்கு நானே எழுந்து நின்னு சொல்லிடுவேன் சார்," என்றாள் ஷஹீன். "ஆனா குழி தோண்டலைன்னு அப்பா சொல்றார். அவருக்குக் கோவம் வரும், பொய் வராது. மெஷினும் பொய் சொல்லாது. நான் போய்த் தேடினா, பொண்ணு அப்பாவைக் காப்பாத்துதுன்னுதான் சொல்வாங்க."

மனு வந்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே தஸ்தர்கான் விரிப்பில் சாப்பாடு. உப்பு வேண்டுமானால்கூட அம்மா வழியாகத்தான் கேட்கிறார்.

பொன்மலர் ஜன்னலைப் பார்த்தார். யோசிக்கிற மௌனம். பிறகு எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

*

தூய காற்றுக் குழுவின் தலைவர் இன்பசேகரன், ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி மேலாளர். கொல்லைமேட்டில் அவர் வீடு ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. எட்டு மாடுகள். சாணத்தைக் கரைத்து ஊற்றும் கோபர் கேஸ் தொட்டி ஒன்று கொல்லைப்புறத்தில் கோயில் மாதிரி வெள்ளையடித்து நின்றது. சிலிண்டர் வாங்கிப் பத்து வருஷமாகிறது என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளுக்கு டீ போடும்படி உள்ளே குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி தேவகி, சரி என்று சொன்னது வரவேற்பாகப் படவில்லை, எச்சரிக்கையாகப் பட்டது.

அந்த ஆலையின் நாற்றம் தாங்காமல்தான் குழு ஆரம்பித்தாராம். சொன்னதைச் செய்து காட்டுகிறவராம்.

"இந்த வீட்ல தோல்னு ஒரு சாமான் கிடையாது," என்றார். "செருப்பு ரப்பர். வாட்ச் ஸ்ட்ராப் நைலான். பெல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டேன். குழாய் வாஷரைக்கூட விடலை, எல்லாம் அட்டையில வெட்டி மாத்தியாச்சு."

செல்வகுமாரின் பார்வை அவர் இடுப்புக்குப் போனது. பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது மாடு கட்டுகிற கயிறு.

"கயிறு காணோம்னு மாடு தேடாதா சார்?" என்றான்.

புதுக் கயிறு என்று இன்பசேகரன் கௌரவமாகப் பதில் சொன்னார். பிறகு காற்றைப் பற்றிப் பேசினார். மீத்தேனைப் பற்றிப் பேசினார். ஆலையை மூடியபின் அந்த இடத்தில் வைக்கப்போகும் பூங்காவைப் பற்றிப் பேசினார். பூங்காவில் பெஞ்சு போடுகிற வரைக்கும் வந்துவிட்டார். டீ வரவில்லை. உள்ளே கேட்டால், கொதிக்குது என்று பதில் வந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, இரண்டு மூன்று மாதமாகவே இப்படித்தான் என்றார். தேவகிக்கு வயதாகிவிட்டதாம், அடுப்புப் பதம் போய்விட்டதாம். அவரும் தொட்டியில் சாணத்தை இரண்டு பங்காக ஊற்றிப் பார்த்தார். அடுத்த வீட்டு மாட்டுச் சாணத்தையும் கேட்டு வாங்கி ஊற்றினார். அப்போதும் டீ நேரத்துக்கு வரவில்லை.

பொன்மலர் எழுந்து கும்பிட்டார். டீ வருகிறதே என்றார் இன்பசேகரன். நாங்கள் திரும்பி வந்து குடிக்கிறோம் என்று செல்வகுமார் ஆறுதல் சொன்னான்.

"மேடம், அந்த டீ இன்னிக்கி வராது," என்றான் ஸ்கூட்டரை உதைத்தபடி. "டீத்தூள் அசாம்லேர்ந்து நடந்து வருது."

*

ஆலையில் அவர்கள் உட்காருவதற்கு முன்பே டீ வந்துவிட்டது. செல்வகுமாருக்கு அந்த நிமிஷமே லியாகத் அலி நிரபராதி என்று பட்டுவிட்டது. அவர் பெருத்த உடம்பும் வெள்ளைத் தாடியுமாக இருந்தார். எங்கே வேண்டுமானாலும் தோண்டிக்கொள்ளுங்கள் என்று கடப்பாரையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு ஆட்கள் கூட வர, வளாகம் முழுக்கக் குத்திப் பார்த்தார்கள். கழிவுநீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. ஜவ்வு லாரியில் போனது. நிலத்தில் இருந்தது நிலம் மட்டும்தான்.

"வாசம் வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் லியாகத் அலி. "தோல் ஷாப்ல மல்லிப்பூ வாசமா வரும்? அதுக்குத் திட்டட்டும், வாங்கிக்கறேன். செய்யாத தப்புக்கு எதுக்குத் திட்டு?"

மகளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மொட்டை மாடியில மெஷின் வெச்சிருக்கிற அம்மா என்றுதான் சொன்னார். வாசல்வரை வந்து ஸ்கூட்டர் கண்ணாடியை எதற்கோ திருத்தி வைத்தார்.

"அந்த அம்மா மதியம் சாப்பிடுதா? டிபன் டப்பா அப்படியே திரும்பி வருதுன்னு வீட்ல பேஜாரா இருக்காங்க."

பொன்மலர் அவரைப் பார்த்தார். இந்த மௌனம் செல்வகுமாரின் பட்டியலில் இல்லை.

*

பள்ளிக்கூட மொட்டை மாடிக்கு அவர்கள் ஏறியபோது வெயில் சாய்ந்துவிட்டது. கருவி ஒரு பீரோ அளவுப் பெட்டிக்குள் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் உயரமான இரும்புக் கம்பம். அதன் உச்சியில் காற்றுக்குத் திரும்புகிற அம்பு; அது காட்டுகிற திசையைக் கருவி பதிந்துகொள்ளும். அம்புக்குக் கீழே நான்கு திசைக்கும் நான்கு கைகள், கை நுனியில் கி, மே, வ, தெ என்று எழுத்துகள். கருவியைக் கவனித்துக்கொள்ளும் முஜாஹித் மூலையில் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான்.

வாயுக் கணக்கைத் தனக்குப் புரிகிற மாதிரி சொல்லும்படி செல்வகுமார் கேட்டான். ஷஹீனின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"ராத்திரி ஊரே மூச்சு விடும் சார். பயிரு, மண்ணு, மாடு, மனுஷன் எல்லாமே. காத்து இல்லேன்னா அந்த மூச்சு வயல் மேலயே படுத்திருக்கும். அதனால விடியக்காலத்துல கரியமில வாயுவும் மீத்தேனும் ஜாஸ்தி. வெயில் ஏறி, காத்து எழுந்ததும் கலைச்சு விட்டுரும், கம்மியாயிடும்."

"எங்க வீட்ல என் மாமனார் மாதிரி. ஃபேனைப் போட்டாத்தான் எழுந்திருப்பார்."

அவள் சிரித்துவிட்டு, அதனால் வெறும் எண்ணை நம்பக்கூடாது என்றாள். பலமான காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எல்லாவற்றையும் அடித்துக் கலைத்துவிடும். மெல்லிய காற்று அப்படியில்லை. ஓர் இடத்து வாயுவைக் கலைக்காமல் கொத்தாகத் தூக்கி வந்து கொடுக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தபோது கொடுத்தது என்று பார்த்தால் ஆளைப் பிடிக்கலாம். காற்றுதான் சாட்சி. சாட்சி ஒவ்வொரு தடவையும் மேற்கையே காட்டியது.

சாட்சி சரியாகத்தான் நிற்கிறதா என்று பொன்மலர் மெதுவாகக் கேட்டார். யாருக்கும் கேள்வி புரியவில்லை. அவரும் விளக்கவில்லை.

மேகம் இல்லாத வானம். ஆலையின் புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன் இறங்கி, அதன் உச்சியில் ஒரு நிமிஷம் பழம் மாதிரி குத்தி நின்று மறைந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. முஜாஹித் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையசைத்துவிட்டு, மாடியில் பாயை விரித்து மஃரிப் தொழ நின்றான். மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பேச்சில்லாத நேரம் பொன்மலரின் சொந்த ஊர். அவர் பாயைப் பார்த்தார். நிமிர்ந்து கம்பத்து உச்சியைப் பார்த்தார். பிறகு சூரியன் மறைந்த இடத்தைப் பார்த்தார். இடது கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, பார்வைக்குப் புகைபோக்கியின் வலது ஓரத்தில் பொருந்தும்படி வைத்தார். அதை ஒட்டி வலது முஷ்டியை வைத்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் வானத்தோடு சண்டைக்கு நிற்கிறாரா என்று செல்வகுமாருக்குப் பயமாகிவிட்டது.

முஜாஹித் பாயைச் சுருட்டியதும், இப்போது எந்தத் திசையைப் பார்த்துத் தொழுதாய் என்று கேட்டார்.

"மேற்குன்னு பேச்சுக்குச் சொல்றது மேடம். நம்ம பக்கத்துலேர்ந்து மெக்கா, மேற்குலேர்ந்து கொஞ்சம் வடக்கே சாயும். பள்ளிவாசல் கட்டும்போதே அளந்துதான் வெச்சாங்க. பள்ளிவாசல் சுவத்தை வெச்சுத்தான் நான் பாய் போடுவேன்."

"அம்புக் கம்பத்தை நிறுத்தினது யாரு?"

"ஜெஸ்டன் மேடம். என் தோஸ்த்துதான், ஆம்பூர்."

பொன்மலர், பாய் கிடந்த இடத்திலிருந்து விரலை உயர்த்திக் கம்பத்தின் 'மே' கையைக் காட்டினார். பாய் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததோ, கோடு போட்ட மாதிரி அதே பக்கம்தான் அந்தக் கையும் நீண்டிருந்தது. சூரியன் மறைந்ததோ இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவாக அதற்கு இடப்பக்கம்.

"இன்னா மேடம் இது," என்றான் செல்வகுமார். "சூரியன் தப்பான இடத்துல மறையுதா?"

"செப்டம்பர் கடைசியில அது நேர் மேற்குலதான் மறையும். தப்பு சூரியன் மேல இல்ல."

ஷஹீன் ஏற்கெனவே ஜெஸ்டனுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள். ஜெஸ்டன் உற்சாகமாகப் பேசினான். அன்றைக்கு இரும்புக் கம்பத்துப் பக்கத்தில் செல்போன் திசைகாட்டி பைத்தியம் பிடித்துச் சுற்றியதாம். அதை நம்பாமல் முஜாஹித்தின் பாயைப் பார்த்து வைத்தானாம். "பாய்மாருங்க மேற்கே பாத்துத்தானே தொழுவாங்க? ஆம்பூர்ல பொறந்த எனக்குத் தெரியாதா அக்கா? சாயந்திரம் சரிபார்க்கவும் செஞ்சேன். சூரியன் சரியா அந்தக் கை நேருக்குத்தான் மறைஞ்சுது."

ஆகஸ்ட் ஆரம்பத்தில் அது அங்கேதான் மறையும் என்று பொன்மலர் சொன்னார். கோடையில் வடக்கே ஒதுங்கிப் போகிற சூரியன் செப்டம்பரில்தான் நடுவுக்கு வரும்.



"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா," என்றான் முஜாஹித். பிறகு மற்றவர்களிடம், "அவன் எங்க கேப்பான்? எங்க வழக்கம் எங்களைவிட அவனுக்குத்தான் ஜாஸ்தி தெரியும். நோன்புல கஞ்சிக்கு எனக்கு முன்னாடி நிப்பான்," என்றான்.

ஷஹீன் காலையில் வந்து மதியத்தோடு திரும்புகிறவள். இந்த மாடியிலிருந்து சூரியன் மறைந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது அவள் மெதுவாகத் திரும்பி, 'மே' கை நிஜமாகவே காட்டுகிற இடத்தைப் பார்த்தாள். மேற்கு என்று கருவி எழுதிவைத்த காற்றெல்லாம் அங்கேயிருந்து வந்த காற்று. புகைபோக்கிக்கு வலப்பக்கம், இரண்டு முஷ்டி வடக்கே, இருட்டத் தொடங்கிய ஒரு தென்னந்தோப்பு.

செல்வகுமாருக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அவன் வாழ்க்கையில் அபூர்வமான சம்பவம் அது.

"வா, டீ குடிக்கலாம்," என்றார் பொன்மலர்.

"அந்த டீயா மேடம்? காலையில சொன்னதே இன்னும் கொதிச்சிருக்காது."

"அதனாலதான்."

*

முஜாஹித்தை மாடியிலேயே நிறுத்திவிட்டு மூன்று பேரும் தோப்புக்குப் போனார்கள். காற்று தணிந்து, அங்கேயிருந்து பள்ளிக்கூடம் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தேவகி அவர்களைப் பார்த்ததும் டீயா என்றார், மன்னிப்பும் அலுப்புமாக. டீ வேண்டாம், துணி சோப்பும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும் என்றார் பொன்மலர்.

கோபர் கேஸ் தொட்டியிலிருந்து சமையலறைக்குப் போகும் குழாயில் முதலில் கேஸை மூடித் திறக்கும் திறப்பான் இருந்தது. அதைத் தாண்டி ஓர் இணைப்பு. செல்வகுமார் சோப்பைக் கரைத்து, இணைப்பின் மேல் துணியால் தடவினான். தடவிய இடத்தில் ஒரு குமிழி எழுந்தது. எலுமிச்சம்பழம் ஆனது. ஆரஞ்சு ஆனது. இன்பசேகரனின் முகம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. டப் என்று உடைந்து, உடனே அடுத்தது எழுந்தது.

இணைப்புக்குள் அட்டை வாஷர் நைந்து கூழாகிக் கிடந்தது.

இதெல்லாம் ஒரு பொட்டு வாயு, அந்தக் கருவிக்கு எட்டவே எட்டாது என்று இன்பசேகரன் சாதித்தார். பொன்மலர் வாதாடவில்லை. திறப்பானை இன்பசேகரன் கையாலேயே மூடச் சொன்னார். ஷஹீன் முஜாஹித்துக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டாள். காத்திருந்தார்கள். பொன்மலருக்கு அது சுகமான மௌனம். மற்றவர்களுக்கு மூச்சு முட்டியது.

"இறங்குது," என்றது போன்.

திறக்கச் சொன்னார். காத்திருந்தார்கள்.

"ஏறுது மேடம்."

மூன்றாம் தடவை யாரும் சொல்லாமலே இன்பசேகரன் தானாக மூடினார், கயிற்றைப் பிடித்த இன்னொரு கையோடு. இறங்குது என்று போன் சொன்னதும் மாட்டுத்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். சாணம் கூடக் கூட வாயு கூடியது. வாயு கூடக் கூட ஒழுகியது. கருவி எகிற எகிற, அவர் மனுவை இன்னும் காரமாக எழுதினார்.

"அடுப்பு சரியா எரியலைன்னு நான் அன்னிலேர்ந்து சொல்றேன்," என்றார் தேவகி. "வயசாயிடுச்சுன்னாரு."

இன்பசேகரன் தலை நிமிராமல், நாளைக்கு விசாரணையில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆனால் இந்த இணைப்பை இப்போது எதைப் போட்டு அடைப்பது என்று கேட்டார். எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. செல்வகுமார்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான். பொன்மலர் ஷஹீனைப் பார்த்தார்.

அவள் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். தன் கருவி தப்பான மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். ஒரு தோல் வாஷர் வேண்டும் என்றாள். மறுமுனையில் எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"எந்த சைஸ்?" என்றார் லியாகத் அலி. அப்புறம், "நீ சாப்பிட்டியா?"

அவரே கொண்டுவந்தார். கெட்டியான எருமைத் தோலில் ஒன்றுக்கு மூன்றாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, வெற்றிலை மாதிரி இலையில் மடித்து. இன்பசேகரன் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குழாயில் வைத்து இறுக்கினார். சோப்புத் தண்ணீர் தடவினார்கள். குமிழி வரவில்லை. தேவகி உள்ளே போனார். லியாகத் அலிக்கு நாற்காலி போட்டு முடிப்பதற்குள் ஐந்து டம்ளர் டீ வந்து நின்றது.

ஆலைக்குச் சீல் வைக்கவில்லை. நாற்றம் பற்றிய மனு மட்டும் நிலுவையில் இருந்தது. லியாகத் அலி ஆலைக்குள் திறந்து கிடந்த சாக்கடைக்கு மூடி போட்டதும் அதுவும் முடிந்தது. இன்பசேகரன் இன்றும் தூய காற்றுக் குழுவின் தலைவர். ரப்பர் செருப்புதான் போடுகிறார், பெல்ட் மட்டும் திரும்ப வந்துவிட்டது. ஜெஸ்டன் கம்பத்தைத் திருப்பி வைத்தான். முஜாஹித் அவனை அடுத்த நோன்புக் கஞ்சி வரைக்கும் கேலி செய்தான், கஞ்சி ஊற்றும்போது நிறுத்திவிட்டான். ஷஹீன் ஆகஸ்டிலிருந்து எல்லாக் காற்றையும் திருத்தி எழுதினாள், தன் தவறையும் சேர்த்து. அவள் அப்பா தினமும் காலையில் அவளிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்கிறார். தேவகி யாருக்கும் காத்திருக்காமல் டீ போடுகிறார். செல்வகுமார் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பொன்மலர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்.